மூளைக்குப் புது வரவு உண்டா?

"பிறக்கும்போது இருந்த மூளை செல்தான். சாகச் சாகக் குறையுமே தவிர, புதுசா ஒண்ணும் வராது." இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. நம்ம காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஓப்பனிங் ஸ்டாக் மட்டும்தான், கொள்முதலே கிடையாது!

ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் இப்படித்தான் நம்பினார்கள். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஜோசப் ஆல்ட்மன் இதைக் கேள்வி கேட்டார். செல் பிரியும்போது டி.என்.ஏ.வுக்குத் தைமிடின் என்ற பொருள் வேண்டும். கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை எலிக்கு ஊசி போட்டால், புதிதாகப் பிறந்த செல்லை அடையாளம் காணலாம். 1965-ல் அவர் வெளியிட்ட முக்கியமான கட்டுரையில் கூட இருந்த பெயர் கோபால் தாஸ். பிறந்த பிறகும் எலியின் ஹிப்போகாம்பஸில் (ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி) புது நியூரான்கள் உருவாகின்றன என்றார்கள். பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை. 1990-களில்தான் காற்று திரும்பியது. ஆல்ட்மனுக்குப் பெரிய சர்வதேச விருது கிடைத்தது 2011-ல், அவருடைய 86-ஆவது வயதில்.

சரி, இதில் நம்ம நாட்டுக்கு என்ன பங்கு? மும்பை செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் படித்த விதிதா வைத்யா, யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமனிடம் பி.எச்டி. செய்தார். மனச்சோர்வு மாத்திரைகள் மூளையில் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தவர் டூமன். அந்த மாத்திரைகள் எலிகளில் புது நியூரான்களைக் கூட்டுகின்றன என்று 2000-ல் அவர் குழு காட்டியது. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். புது நியூரான் வளர்ந்து வேலைக்குத் தயாராகவும் வாரக்கணக்காகும். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அங்கே பிறந்தது.

அதே 2000-ல் வைத்யா மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, சொந்தமாக ஆய்வுக்கூடம் அமைத்தார். 2002-ல் அவர் குழு எலி மூளையில் நார் அட்ரினலினைக் குறைத்துப் பார்த்தது. புது செல்கள் பிறப்பது குறைந்தது. ஆனால் பிறந்தவை பிழைப்பதில் மாற்றமில்லை. அதாவது, பிறப்புக்கும் பிழைப்புக்கும் வேறு வேறு கட்டுப்பாடுகள். 2005-ல் தைராய்டு ஹார்மோனுக்கும் இதில் பங்கு உண்டு என்று காட்டினார்கள். 2015-ல் பட்நாகர் விருது, 2022-ல் இன்ஃபோசிஸ் பரிசு வைத்யாவுக்குக் கிடைத்தன.

மனிதர்கள் விஷயம்தான் இழுபறி. பெரியவர்களின் மூளையிலும் உண்டு என்றது 1998 ஆய்வு. இல்லவே இல்லை என்றது 2018-ல் வந்த ஒன்று. 2025-ல் சுவீடன் குழு ஒன்று, பெரியவர்களின் ஹிப்போகாம்பஸிலும் பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடி செல்களைக் கண்டது. எத்தனை பிறக்கின்றன, என்ன செய்கின்றன என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.

நம் ஊர்ப்பக்கம் மனச்சோர்வை "திமிரு", "சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிடுகிறோம். பத்து நாள் மாத்திரை போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பலன் தெரிய வாரங்கள் ஆகும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.