கம்பமும் காணியும்: பினாங்குப் புறநகர்களில் உறவும் இன அடையாளமும்

கெலுகோர் என்னும் பெயரைக் கேட்டவுடன் இன்றைய மாணவர்க்கு நினைவில் எழுவன பினாங்குப் பாலமும் பல்கலைக்கழக வளாகமும் உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுமே. ஆயின் 2009ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வரை அங்கே மாட்டுத் தொழுவங்களும் பலகை வீடுகளும் கொண்ட தமிழ்க் கம்பம் ஒன்று இருந்தது. கம்போங் புவா பாலா என்பது அதன் பெயர். 'புவா பாலா' என்பது மலாய் மொழியில் சாதிக்காயைக் குறிக்கும். பினாங்கின் சாதிக்காய்த் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நோயுற்று அழிந்தன. அப்பயிரின் பெயர் மட்டும் அக்குடியிருப்பில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்தது. அங்கு வாழ்ந்தோர் சாதிக்காய் பறிப்போர் அல்லர். பெரும்பாலும் மாடு வளர்த்துப் பால் விற்ற குடும்பத்தினர்.

ஓர் ஊரின் இன மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விழுக்காடுகளை எடுத்துவைத்துக்கொள்கிறோம். பினாங்கில் இந்தியர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்று சொல்லி அமைகிறோம். அவ்விழுக்காடு ஒரு தெருவில் எவர் எவருக்கு அண்டை வீட்டார் ஆயினர் என்பதையும், எந்த உரிமையின் பேரில் அவர்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதையும் சொல்லாது. இவ்வுரையில் நாம் அவ்விரண்டையுமே நோக்க விரும்புகிறோம். 'கம்பம்' என்னும் சொல்லை மலாய் மொழியின் 'கம்போங்' என்பதிலிருந்து நாம் பெற்றோம். 'காணி' என்பதோ தமிழில் வழிவழி நில உரிமையைக் குறிக்கும் பழஞ்சொல். பினாங்கிற்கு வந்த நம் முன்னோரில் பலர்க்குக் கம்பம் வாய்த்தது, காணி வாய்க்கவில்லை. அங்கு நேர்ந்த இன மாற்றங்களில் பலவற்றுக்கு மூல காரணம் இதுவே என்பது நம் கருத்து.

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். கடாரத்துத் துறைகளில் ஏற்கெனவே வணிகம் செய்துவந்த சூலியர், அஃதாவது சோழமண்டலக் கரையைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்கள், தொடக்க ஆண்டுகளிலேயே இங்கு குடியேறினர். இன்று சூலியா தெரு எனப்படுவது அந்நாளில் மலபார் தெரு எனப்பட்டது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபார் என்றே அழைத்தனர். 1801இல் காதர் மொகிதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. அந்நிலம் அப்போதைய நகரின் விளிம்பில் இருந்தது. ஆகவே பினாங்குத் தமிழரின் முதற் புறநகர் என்று அதனைச் சொல்வதில் பிழையில்லை. வக்ஃபு நிலமாகிய அதில் வீடுகள் நெருங்கி எழுந்தன.

அக்குடியிருப்பைக் கலைத்தது இனப் பகை அன்று. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளை மேற்பார்க்க ஒரு வாரியம் அமைந்தது. அதன்பின் பள்ளிவாசல் நிலம் திருத்தப்பட்டது. பழைய கம்ப வீடுகள் அகன்றன. புதுச் சாலைகள் அதனூடே போடப்பட்டன. நாம் இன்று காணும் குவிமாட அழகெல்லாம் அதற்குப் பிந்தியது. சுகாதாரமும் ஒழுங்கும் வேண்டும் என்ற வாதம் பொய்யன்று. ஆயினும், நிலம் சமூகத்தின் பெயரால் இருந்தது, நிருவாகமோ சமூகத்தின் கையில் இல்லை என்னும் நிலையை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இந்நிலை பின்னரும் வரும்.

இனி, பெயர்களின் கதை. அந்நாளைய பினாங்கில் ஒருவன் யார் என்பதை இன்றைய மூன்று பெட்டிகளுக்குள் அடக்க இயலாது. தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தோர் ஜாவி பெக்கான் என்றும் ஜாவி பெரானாக்கான் என்றும் அழைக்கப்பட்டனர். அவர்கள் மலாய் பேசினர். சிலர் தமிழும் அறிந்திருந்தனர். அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் சிறந்து விளங்கினர். 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாய் வார இதழுக்கு 'ஜாவி பெரானாக்கான்' என்பதே பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் ஜாவி பெக்கான் எனத் தனி வகையே இருந்தது. பின்னர் அவ்வகை மறைந்தது. மக்கள் மறையவில்லை, பெட்டி மறைந்தது. 1957ஆம் ஆண்டு அரசமைப்பின் 160ஆம் பிரிவு, இசுலாத்தைத் தழுவி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபைப் பின்பற்றுபவரே மலாய்க்காரர் என வரையறுத்தபோது, அவ்வழித்தோன்றல்களில் பலர் முறைப்படி மலாய்க்காரர் ஆயினர். 'கிளிங்' என்ற சொல்லோ இழிவழக்காகித் தமிழரால் வெறுக்கப்படுகிறது. ஆயினும் பள்ளிவாசலின் பெயரில் அது மதிப்போடு நிற்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் பட்டமாகவும் மற்றோரிடத்தில் வசையாகவும் வாழ்வது வகுப்பறையில் விளக்கத்தக்க செய்தி.

1867ஆம் ஆண்டுக் கலகத்தையும் இங்கு நினைக்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஏறத்தாழப் பத்து நாள் சண்டை நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதனைச் சீனர்க்கும் மலாய்க்காரர்க்கும் நடந்த பூசல் என எண்ணிவிடுவர். உண்மை வேறு. கீ ஹின் என்னும் சீனச் சங்கம் வெள்ளைக்கொடி என்னும் முஸ்லிம் சங்கத்தோடு சேர்ந்து நின்றது. அதன் எதிரியாகிய தோ பே கோங் சங்கம் செங்கொடியோடு சேர்ந்தது. கொடிச் சங்கங்களில் மலாயரும் ஜாவி பெக்கானும் தமிழ் முஸ்லிம்களும் கலந்திருந்தனர். அக்காலத்தார் தெருவையும் சங்கத்தையும் கொண்டே 'நம்மவர்' யார் எனத் தீர்மானித்தனர். தோலின் நிறத்தைக் கொண்டன்று. அக்கால ஒற்றுமையை நாம் போற்றிப் பாடவில்லை, உயிர்கள் போயின. இன வரம்பு என்றும் இருந்த ஒன்று என்னும் எண்ணத்தை அக்கலகம் மறுக்கிறது என்பதே செய்தி.

நகருக்கு வடமேற்கே புலாவ் தீக்குஸ் என்னும் புறநகரின் தெருப்பெயர்களைப் படித்தாலே அதன் வரலாறு விளங்கும்: பர்மா சாலை, ரங்கூன் சாலை, பாங்காக் சந்து. பர்மியர் கோயில் 1803இல் எழுந்தது. அதன் எதிரே சயாமியர் கோயில் நிற்பது 1845இல் வழங்கப்பட்ட நிலத்தில். 1811இல் பூக்கெட்டிலிருந்து யுரேசியக் கத்தோலிக்கர் ஒரு பாதிரியாரோடு வந்து தேவாலயம் அமைத்தனர். அவர்கள் வாழ்ந்த இடம் கம்போங் செரானி. 'செரானி' என்னும் மலாய்ச் சொல்லின் மூலம் நஸ்ரானி. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அங்கு அவர்கள் வாழ்ந்தனர், நிலமோ திருச்சபைக்குரியது. 1990களில் அந்நிலம் மேம்பாட்டுக்கு விடப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் சிதறினர். தேவாலயம் இன்றும் உள்ளது. ஞாயிறு வழிபாட்டுக்குத் தொலைவிலிருந்து வருவோர் உண்டு. ஆயினும் கம்பம் இல்லை. தமிழரல்லாதார் கதையை இத்துணை விரிப்பதேன் என வினவலாம். புவா பாலாவில் நேர்ந்தது தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை உணர்ந்தால்தான் அதன் காரணத்தைச் சரியாகக் காணமுடியும்.

ஸ்காட்லாந்தினரான டேவிட் பிரவுன் 1825இல் இறந்தபோது பினாங்கின் பெருநிலக்கிழாருள் ஒருவர். தத்தோ கெராமாட் சாலையிலுள்ள பாடாங் பிரவுன் திடல் அக்குடும்பத்தின் நன்கொடை. கெலுகோர்த் தோட்டம் அவர்களுடையது. அத்தோட்டத்தில் உழைத்த தமிழரின் வழிவந்தோரே புவா பாலா மக்கள். தோட்டம் கைமாறியபின்னும் அவர்கள் அங்கேயே தங்கினர். மாடும் ஆடும் வளர்த்தனர், மரங்கள் நட்டனர், மாட்டுப்பொங்கலுக்கு உண்மையிலேயே மாடு இருந்த ஊர் அது. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரால் 'தமிழ் ஹை சப்பரல்' என்று அதனை அழைப்பதும் உண்டு. தமிழூருக்கு இப்பெயர் வந்ததில் ஒரு நகைச்சுவை உள்ளது. மாடு மேய்க்கும் காட்சியைக் காண நகரத்தார் திரைக்குப் போக வேண்டியிராத காலம் அது.

அக்கம்பத்தைச் சுற்றி உலகம் மாறியது. 1969இல் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுக நிலையை இழந்தது. துறைமுகத் தொழிலை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் தடுமாறின. குடியுரிமை இல்லாதார் பணி உரிமம் பெறவேண்டும் என்ற விதியும் அக்காலத்திலேயே வந்தது. நாடெங்கும் பல்லாயிரம் தமிழர் இந்தியா திரும்பினர். அதே 1969இல் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. பின்னர்க் கெலுகோர் மிண்டன் வளாகத்தில் அது நிலைகொண்டது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையிலா வாணிக மண்டலம் பிறந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் இளம் பெண்களையும் ஆண்களையும் எல்லா இனங்களிலிருந்தும் ஈர்த்தன. 1985இல் திறக்கப்பட்ட பாலம் தீவில் வந்து இறங்கியது கெலுகோரில். தொழிற்சாலைக்கும் நகருக்கும் நடுவே, பாலத்தின் அருகே கிடந்த மேய்ச்சல் நிலத்தின் விலை என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டுகளின் இடையில் அந்நிலத்தை மாநில அரசு ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்றிக்கொடுத்தது. அடுக்குமாடித் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. பழைய உரிமையாளர் தம் முன்னோரின் நலனுக்கென அந்நிலத்தை அறமாக விட்டுச்சென்றனர் என்று குடியிருப்பாளர் வாதிட்டனர். எதிர்த்தரப்பார் அவர்கள் தற்காலிக உரிமம் பெற்றோர் மட்டுமே என்றனர். 2008 மார்ச்சில் ஆட்சி மாறியது; தமிழர் ஒருவர் முதன்முறையாகப் பினாங்கின் துணை முதலமைச்சர் ஆனார். ஆயினும் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று 2009இல் தோற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. இருபதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகளே இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இழப்பீடாக இரண்டு மாடி வரிசை வீடு என்ற உடன்பாடு அமைந்தது.

இந்நிகழ்ச்சியை இரு கட்சிகளின் சண்டையாக எழுதிவைத்தோர் பலர். ஒரு தலைவர் காட்டிக்கொடுத்தார், இன்னொருவர் காத்தார் என்றெல்லாம் பேசினர். அவ்வாதம் நமக்கு நிறைவளிக்கவில்லை. நிலம் கைமாறியது ஓர் ஆட்சியில். இடிப்பு நடந்தது வேறோர் ஆட்சியில். தமிழர் ஒருவர் பதவியில் இருந்தும் தடுக்க இயலவில்லை. காரணம், வழக்கு நில ஆவணத்தைப் பற்றியது. வழிவழியாக வாழ்ந்தமை நீதிமன்றத்தின் முன் ஆவணமாகாது. இழப்பீட்டு வீட்டைப் பெற்ற குடும்பங்களுக்கு முதன்முறையாகத் தம் பெயரில் வீட்டுரிமை கிட்டியது என்பதையும் மறைக்கலாகாது. கொள்ளும் காணி வந்தது. ஆனால் மாடு கட்ட இடம் இல்லை. மாடு போனபின் தொழில் போயிற்று. தொழில் போனபின் அவர்களை ஒன்றாக இருத்த வேறெதுவும் இல்லை.

நகரின் நடுவிலும் இஃதே நடந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை அடக்கி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அக்கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. தையற்காரர், பூக்கட்டுவோர், சிறு கடைக்காரர் எனப் பல இனத்தார் அடுத்தடுத்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் வாடகை ஏறியது. குடும்பங்கள் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பாயான் பாரு அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. 2008 சூலையில் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரானது. பல இனத்தார் கூடி வாழ்ந்த பண்பாடு அவ்வேற்புக்கு ஒரு காரணம். அக்கூட்டு வாழ்வை நடத்திய குடும்பங்களில் பல அதற்கு எட்டாண்டு முன்னரே புறப்படத் தொடங்கிவிட்டன.

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்துக்கும் இத்துணை வீடு என வரம்பு விதித்தனர். பினாங்கில் பெரும்பாலும் விலையே வரம்பாயிற்று. எது நன்று என்று ஈண்டு தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. புதிய அடுக்குமாடிகளில் உறவே இல்லை என்று சொல்லவும் மாட்டோம். மின்தூக்கி பழுதானால் எல்லா வீட்டாரும் ஒன்றுகூடி முறையிடுகின்றனர். தீபாவளிப் பலகாரமும் நோன்புப் பெருநாள் உணவும் கதவுக்குக் கதவு போகின்றன. ஆனால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சிதறியிருக்கின்றன, அருகில் தமிழ்ப் பள்ளி இல்லாத இடங்களிலும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது நேரே தொடர்புடையது. 1816 அக்டோபர் 21இல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது முதல், தமிழ்ப் பள்ளிகள் பிள்ளைகள் நடந்து வரும் தொலைவில் இருந்த குடியிருப்பை நம்பியே வளர்ந்தன. கம்பம் கலைந்தால் பள்ளி அங்கேயே நிற்கும். பிள்ளைகள் வேறெங்கோ இருப்பர். இதனை ஆராய ஒரு மூலம் நம் பள்ளிகளிலேயே உள்ளது. பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் மாணவரின் பெயரோடு தந்தையின் தொழிலும் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். 1950களின் பதிவேட்டையும் 1980களின் பதிவேட்டையும் இன்றைய பதிவேட்டையும் அடுத்தடுத்து வைத்து, முகவரிகளை மட்டும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்க்கலாம். எந்த ஆண்டில் எந்தக் கம்பத்தின் பெயர் அப்பக்கங்களிலிருந்து மறைந்தது என்பது தெரியவரும். மாணவர் பெயரை வெளியிடத் தேவையில்லை. தெருப்பெயரும் ஆண்டுமே போதும். கெலுகோர்ப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து இவ்வேலையைத் தொடங்கலாம். பழைய பதிவேடுகள் செல்லரிக்கு முன்.