மேற்கு நோக்கிய தொழுகை: சுரினாம் ஜாவானியர்

தென்னமெரிக்காவின் வடகரையில் அன்று டச்சுக் காலனியாக இருந்த சுரினாமில் 1863இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் ஆள் பஞ்சம் தோன்ற, 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரவழைக்கப்பட்டனர். எனினும் அவர்கள் பிரிட்டிஷ் குடிகளாதலால் தம் குறைகளைப் பிரிட்டிஷ் தூதரிடம் முறையிட முடிந்தது. அத்தகைய புகலிடம் ஏதுமற்ற தம் ஆட்சிக்குட்பட்ட ஜாவா மக்கள்மீது டச்சுக்காரரின் பார்வை திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். 1890 ஆகஸ்ட் 9 அன்று 94 பேர் கொண்ட முதல் குழு வந்திறங்கியது. 1939 வரை ஏறத்தாழ 33,000 பேர் வந்தனர்.

ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. வேலைக்கு வராதவரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பவும் சட்டம் இடமளித்தது. இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமையைக் கைவிட்டவர்களுக்கு 100 கில்டரும் பயிரிட நிலமும் வழங்கப்பட, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே திரும்பினர்.

தங்கிவிட்டவர்கள் ஜாவாவின் கிராம வாழ்வை இயன்றவரை மீட்டமைத்தனர். ஜாவாவில் வெண்கலத்தால் செய்யப்படும் காமலான் என்னும் தாளவாத்தியக் குழுவின் கருவிகளை இங்கு இரும்பில் அடித்து உருவாக்கினர். மூங்கில் குதிரைகளுடன் ஆவேசமுற்று ஆடும் ஜாரான் கெப்பாங் ஆட்டமும் தொடர்ந்தது. எல்லாவற்றினும் உறுதியாக நிலைத்தது சிலாமத்தான் என்னும் விருந்துச் சடங்கே எனலாம்: பிறப்பு, விருத்தசேதனம் போன்ற நிகழ்வுகளுக்கும், இறந்தவருக்காக 3, 7, 40, 100, 1000ஆம் நாள்களிலும் அண்டை அயலாரைக் கூட்டி, வேண்டுதல் சொல்லி, சோறு பகிர்ந்துண்ணும் வழக்கம் அது.

மரபைக் காப்பதன் சிக்கல் தொழுகைத் திசையில்தான் வெளிப்பட்டது. ஜாவாவிலிருந்து மெக்கா மேற்கே அமைந்திருப்பதால், முன்னோர் மேற்கு நோக்கித் தொழுதனர். சுரினாமிலிருந்து அது கிழக்கே உள்ளபோதும் குடியேறியவர்கள் பழைய திசையை மாற்றவில்லை. 1930களில் தலையெடுத்த சீர்திருத்தவாதிகள், கிழக்கு நோக்கித் தொழுவதே முறை என்றதோடு, சிலாமத்தான், முன்னோர் வழிபாடு ஆகியவற்றையும் இஸ்லாத்துக்குப் புறம்பானவை எனக் கண்டித்தனர். புவியியல் கணக்கு அவர்கள் பக்கமே இருந்தது. ஆயினும் மேற்கு நோக்கியவர்களுக்குத் திசை என்பது தந்தையரிடமிருந்து பெற்ற நெறியே தவிர, வரைபடத்தில் அளந்தறிவது அன்று. மேற்குத் தொழுகையாளர், கிழக்குத் தொழுகையாளர் என இரு பிரிவினராகச் சமூகம் பிரிந்தது. இரு திசைகளையும் நோக்கிய பள்ளிவாசல்கள் இன்றும் சுரினாமில் உள்ளன.