தண்ணீருக்குள் போன தடம்

கோயம்புத்தூரிலிருந்து மைசூருக்கு எப்படிப் போவது என்று என் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம். 27 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேர் வாந்தி எடுத்த கதையையும் சேர்த்துச் சொல்வார்கள் :-)

இதே கேள்வியை 1790-ல் கேட்டிருந்தால் பெரும்பாலும் வேறு பதில் வந்திருக்கும். கெஜலட்டி.

கெஜலட்டி கணவாய் பற்றி நமக்குப் பாடப் புத்தகத்தில் எதுவும் கிடையாது. எனக்கும் தெரியாது. எங்க அப்பிச்சி ஊர் புளியம்பட்டிப் பக்கம். லீவுக்குப் போனபோது பவானிசாகர் அணையைக் காட்டி, "மைசூருத் தடம் இந்தத் தண்ணிக்குள்ளதான் கண்ணு போச்சு" என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். அவர் சொன்னது சரி.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். வடக்கே மைசூர் மேட்டுநிலம். தெற்கே நம்ம சமவெளி. மேற்கே நீலகிரி. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் மாயாறு ஓடி வந்து பவானியில் சேர்கிறது. கெஜலட்டி வழியாக இறங்குகிறவர் மாயாற்றின் வடகரைக்கு வந்து சேர்வார். சத்தி போக வேண்டுமானால் வடகரையிலேயே கிழக்கே போய்விடலாம். கோயம்புத்தூர் போக வேண்டுமானால் பவானியைக் கடந்தே ஆக வேண்டும். இரண்டு ஆறும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணாயக்கன் கோட்டை. போசளர் காலத் தண்டநாயகர்களின் பெயரைத் தாங்கிய ஊர் அது. மலையிலிருந்து வருகிற தடங்கள் வந்து சேர்கிற வாசல் என்றே சொல்லலாம்.

தடம் என்றதும் ரோடு என்று நினைத்துவிடாதீர்கள். மைல்கல் கிடையாது, பாலம் கிடையாது. ஆளும் மாடும் நடந்து நடந்து விழுந்த வழி. எந்தத் துறையில் எந்த மாதம் இறங்கலாம், எங்கே பரிசல் வேண்டும் என்பதெல்லாம் அங்கே நடமாடுகிற ஆட்களின் தலைக்குள்தான் இருந்தது. அது தெரியாதவனுக்கு அந்த வழி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதைக் கும்பினிப் படை நன்றாக அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

மூன்றாம் மைசூர்ப் போரில் ஜெனரல் மெடோஸ் போட்ட திட்டம் இதுதான். கோயம்புத்தூர்ச் சீமையைப் பிடிப்பது, தானியம் சேர்ப்பது, கெஜலட்டி ஏறி நேராக மைசூருக்குள் நுழைவது. 1790 ஜூலையில் கோயம்புத்தூர் அவர்கள் கைக்கு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் சத்தியமங்கலமும் விழுந்தது. படை மூன்றாகப் பிரிந்து கிடந்தது. மெடோஸ் கோயம்புத்தூரில், ஒரு பிரிவு பாலக்காட்டில், கர்னல் ஃபிளாய்டு சத்தியில்.

தாங்கள் ஏறப் போகிற வழியில் எதிரி இறங்கி வருவான் என்பதை அவர்கள் நம்பவில்லை. திப்பு வருகிறார் என்று ஃபிளாய்டுக்குத் தகவல் கிடைத்தது. அவரும் மேலே சொல்லி அனுப்பினார். தலைமை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் திப்பு கனமான மூட்டை முடிச்சுகளை மலை மேலேயே பூர்ணையாவிடம் விட்டுவிட்டு, பீரங்கிகளோடு கெஜலட்டியில் இறங்கினார். தென்மேற்குப் பருவமழைக் காலம், பவானியில் தண்ணீர் ஓடுகிற காலம். சத்திக்கு மேற்கே புங்கார் துறையில் படையின் ஒரு பகுதி ஆற்றைத் தாண்டித் தென்கரைக்கு வந்துவிட்டது. மீதிப் படை வடகரையில். செப்டம்பர் 13-ம் தேதி துறையைப் பார்த்து வரப் போன கும்பினிக் குதிரைப்படை நேராக அவர்கள் மேல் போய் முட்டியது. அன்றைக்கு ஃபிளாய்டுக்கு இரண்டு பக்கமும் எதிரி. ஆறு தன்னைக் காக்கும் என்று நினைத்தவருக்கு, அதே ஆற்றின் அக்கரையிலிருந்து குண்டு வந்து விழுந்தது.

மறுநாள் விடிவதற்குள் கோட்டையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினார்கள். இழுக்க மாடு இல்லாமல் மூன்று பீரங்கிகளை விட்டுவிட்டுப் போனார்கள். சேவூர்ப் பக்கம் மறுபடியும் சண்டை. அதில் திப்புவின் மைத்துனர் புர்ஹானுதீன் இறந்துபோனார். ஃபிளாய்டு எப்படியோ மெடோஸோடு போய்ச் சேர்ந்தார். ஆனால் கெஜலட்டி ஏறும் திட்டம் அத்தோடு முடிந்தது. அடுத்த வருடம், 1791-ல், காரன்வாலிஸ் வேலூர்ப் பக்கமிருந்து வேறு கணவாய் வழியாகத்தான் பெங்களூருக்கு ஏறினார். ஒரு ஆற்றுத் துறை ஒரு போரின் திசையையே மாற்றியிருக்கிறது!

சரி, கதை இங்கே முடியவில்லை.

1799-ல் திப்பு இறந்த பிறகு கொங்கு நாடு கும்பினி வசமானது. அதற்கப்புறம் வந்தவர்கள் தண்ணாயக்கன் கோட்டையிலிருந்து இன்னொரு தடத்தில் ஏறினார்கள். அது நீலகிரிக்குப் போகிற தடம். 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் வந்தார். இருளர் ஊரைப் பார்க்க மேற்கே மலையேறிக் களைத்துப்போனதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1812-ல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் போனார். 1818-ல் கலெக்டரின் உதவியாளர்கள் விஷ், கின்டர்ஸ்லி இருவரும் ஏறினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு 1819 ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவன் கிளம்பினார். நாம் படிப்பது அவர் பெயரை மட்டும்தான், "நீலகிரியைக் கண்டுபிடித்தவர்" என்று.

எனக்கு இங்கேதான் ஒரு சந்தேகம். தடம் ஏற்கெனவே இருந்ததே! இருளரும் படகரும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய வழியில்தானே இவர்கள் போனார்கள்? வழி தெரிந்தவர்களுக்குப் பின்னால் நடந்து போவதற்குப் பெயர் கண்டுபிடிப்பா?

1821-ல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் போக ரோடு வேலை ஆரம்பித்தது, 1823-ல் முடிந்தது. பின்னால் குன்னூர் மலைப்பாதையும் வந்தது. தண்ணாயக்கன் கோட்டை வழியாகப் போக வேண்டிய தேவை குறைந்தது. 1948-ல் அணை வேலை தொடங்கி 1955-ல் முடிந்தபோது கோட்டையும் ஊரும் தண்ணீருக்குள் போயின. கோடையில் அணை நன்றாக வற்றினால் மாதவப் பெருமாள் கோயில் மட்டும் வெளியே தெரியும். லட்சக்கணக்கான ஏக்கர் பாசனத்துக்குக் கொடுத்த விலை இது. எங்க அப்பிச்சி தோட்டத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் வருகிறது. அதனால் அணையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இன்றைக்குக் கெஜலட்டியில் நடந்து பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் காடு. அனுமதி இல்லாமல் போகக் கூடாது. யானை, புலி, ஆற்றில் முதலை எல்லாம் உண்டு.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் தெங்குமரஹாடா என்ற ஊர் இருக்கிறது. நீலகிரி மாவட்டம், ஆனால் பஸ் வருவது பவானிசாகர் காட்டுக்குள் புகுந்து. ஊர்க்காரர்கள் மாயாற்றைப் பரிசலில் கடந்தே பல தலைமுறையாகப் போய் வந்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் வெளியுலகத் தொடர்பு இல்லை. காட்டு விலங்குகளுக்காக அந்த ஊரை இடம் மாற்றும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. காட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆறு தாண்டுகிறவர்களில் சிலருக்கும் நல்லதாக இருக்கலாம்.

ஆனால் அவர்கள் கிளம்பும்போது ஒன்றும் கூடவே போகும். எந்த மாதம் எந்த இடத்தில் ஆற்றில் கால் வைக்கலாம் என்பது. 1790-ல் கும்பினிக்குத் தெரியாமல் போனது அதுதான். அது எந்த வரைபடத்திலும் இல்லை. தெரிந்தவர்கள் இருக்கும்போதே யாராவது கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

நான் எங்க அப்பிச்சியிடமிருந்து ஆரம்பித்திருக்கிறேன். கோட்டை மூழ்குவதற்கு முன்னால் சின்னப் பையனாக அங்கே சந்தைக்குப் போயிருக்கிறாராம். "எந்த வழியா அப்பிச்சி போவீங்க?" என்று கேட்டேன். நோட்டை வாங்கி, ஆற்றை ஒரு கோடாகப் போட்டார். அப்புறம் தடத்தைப் போட ஆரம்பித்து, பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

"மறந்துபோச்சு சாமி. அங்க கொண்டுபோய் விட்டா காலு தானா போயிரும்" என்றார்.