‘அதிகாரிகள் கூறினர்’: ஒரு வினைமுற்றின் வரலாறு

2002 செப்டம்பர் 8. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் முதலாண்டு நினைவுக்கு மூன்று நாள் முன்பு. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டுவதற்கே என்றது நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கச் செய்தி. அதற்கு ஆதாரம், பெயர் சொல்லப்படாத புஷ் அரசின் அதிகாரிகள். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் அச்செய்தியை மேற்கோள் காட்டினார். அரசு கசியவிட்டது அச்சேறி, அரசுக்கே சான்றாகத் திரும்பி வந்தது.

அவை சாதாரண ராக்கெட்டுகளுக்கான குழாய்கள் என்று அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்கள் முன்பே கருதியிருந்தனர். இக்கருத்து வேறுபாடு ஐந்து நாள் கழித்து அதே நாளிதழில் வெளியானது; 13ஆம் பக்கத்தில், ஒரு கட்டுரையின் அடியில். நைட் ரிடர் நிறுவனத்தின் ஸ்ட்ரோபெல், லாண்டே ஆகியோர் அரசின் வாதத்தை ஐயுற்று எழுதினர். ஆனால் வாஷிங்டனில் அந்நிறுவனத்துக்கு நாளிதழ் இல்லை.

ஊடகச் சார்பு என்றதும் ‘பயங்கரவாதி’, ‘போராளி’ என்னும் பெயர்ச்சொற்களையே ஆராய்கிறோம். எனக்கு வினைச்சொல்லே முதன்மையாகப் படுகிறது. பேச்சுத் தமிழில் ‘வாங்கினார்களாம்’ என்றால், அந்த ‘ஆம்’ செய்தி செவிவழி வந்தது என்பதை உணர்த்திவிடும். (நம் நாளிதழ்களும் அதைக் கைவிட்டு ‘தெரிவித்தனர்’ என்றே எழுதுகின்றன.) ‘அதிகாரிகள் கூறினர்’ என்பதும் அப்பணியைச் செய்ய வேண்டியதே. முதல் பக்கத்திலோ அது உறுதிமொழியாகிவிடுகிறது.

2003 மார்ச்சில் போர் தொடங்கியது. ஈராக்கின் அணுகுண்டுத் திட்டம் 1991லேயே முடிந்துவிட்டதென அமெரிக்காவின் ஆய்வுக் குழுவே பின்னர் முடிவு செய்தது. 2004 மே 26 அன்று டைம்ஸ் தன் குறைகளை ஒப்புக்கொண்டது, 10ஆம் பக்கத்தில்.