சேற்றுப்புண்ணின் சரித்திரம்

மலையக மக்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கங்காணியைப் பற்றி எழுதுகின்றனர். துண்டு முறையைப் பற்றி எழுதுகின்றனர். சம்பளப் போராட்டங்களையும் பறிபோன வாக்குரிமையையும் எழுதுகின்றனர். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் கொழுந்து மலையில் வெறுங்காலுடன் நின்ற பெண்ணின் விரலிடுக்கில் மழைக்காலத்தில் எழுந்த கொப்புளத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது சிறிய கொப்புளம். அதன் சரித்திரம் சிறியதன்று.

மழையில் மண் நெகிழ்ந்திருக்கும் நாட்களில் பாதத்தின் ஓரத்திலும் விரலிடுக்கிலும் தாங்கவொண்ணா அரிப்பு எடுக்கும். சிவந்த தடிப்புகள் தோன்றும். நீர் கோத்துக் கொப்புளமாகும். சொறிந்தால் சீழ் வைக்கும். ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் தானே ஆறிவிடும். வைத்தியம் இதற்கு நெடுங்காலம் தந்த விளக்கம் ஒன்றுதான்: ஈரமும் அழுக்கும் பட்டதால் வந்த புண். காலைக் கழுவு, களிம்பைப் பூசு, வேலைக்குப் போ! சேற்றுப்புண் என்ற பெயரிலேயே காரணமும் அடங்கிவிட்டதாகக் கருதப்பட்டது.

இந்த விடையைச் சொன்னவர் யார்? வந்தேறு தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென இலங்கையில் 1872இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது கோப்பி அரசோச்சிய காலம். தேயிலை வேரூன்றிய பின்னர் 1912இல் மேலும் இரு சட்டங்கள் வந்தன. சட்டப் புத்தகத்தில் வைத்தியம் இடம்பெற்றுவிட்டது. எனினும் தொழிலாளி முதலிற் காணக்கூடியவர் தோட்டத்து மருந்துக்காரரே. அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். நோய் என்று அவர் சொன்னால் துரைக்கு அன்று ஓர் ஆள் குறையும். நோயில்லை என்றால் தொழிலாளி மலைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. இத்தகைய இடத்தில் நோய் நிர்ணயம் வெறும் மருத்துவக் காரியமாக மட்டும் இருந்திருக்க முடியுமா? இரக்கமுள்ள மருந்துக்காரர்கள் இருந்தனர். தனி மனிதரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. நோய்க்குப் பெயரிடுகிறவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே நமது கேள்வி.

புண் ஆறிச் சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் அதே பெண் வெளிறத் தொடங்குவாள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; காலும் முகமும் வீங்கும். கூடை நிறையாது. கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கு அவள் சோம்பேறி. வைத்தியரின் கண்ணுக்கோ அது வேறொரு நோய். அந்நோய்க்குப் பெயர் வைப்பதிலும் அன்று தெளிவில்லை. இலங்கையின் தலைமைச் சிவில் வைத்திய அதிகாரியாயிருந்த கின்சி 1887இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே ‘இலங்கையின் இரத்தசோகை அல்லது பெரிபெரி’ என்றிருந்தது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லுக்குள் எத்தனை உயிர்கள் தத்தளித்தன! கால்புண்ணையும் சோகையையும் ஒரே நூலில் கோக்க அன்று எவராலும் இயலவில்லை.

அந்த நூல் கெய்ரோவில் கிடைத்தது. 1898 அளவில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் கொக்கிப்புழுவின் குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, குஞ்சுகள் நிறைந்த நீர்த்துளி ஒன்று அவர் கையில் சிந்தியது. அவ்விடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களின் பின் தமது மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்டார். புழு வாய்வழியாகத்தான் உடலுக்குள் செல்லும் என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. ஆனால் உண்மை அதுவே. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை, ஈரமும் வெப்பமும் நிழலும் வாய்த்தால் குஞ்சாகி, ஒரு வாரமளவில் தொற்றும் வலிமை பெறுகிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிற் குடியேறுகிறது. அங்கே கடித்துத் தொங்கியபடி இரத்தம் உறிஞ்சுகிறது. காலிற் கண்ட தடிப்பு அது நுழைந்த வாயில். சோகை அது குடியிருந்த அடையாளம்.

இந்த உண்மை தேயிலைத் தோட்டத்திலும் மெய்ப்பிக்கப்பட்டது. அஸ்ஸாம் தோட்டத் தொழிலாளர் தம் கால்புண்ணைப் ‘பானி காவ்’, அதாவது நீர்ப்புண், என்றனர். அங்கே தோட்ட வைத்தியராயிருந்த பென்ட்லி, புழுக்குஞ்சுகள் உள்ள மண் தோலிற் பட்டால் இப்புண் எழுகிறது, குஞ்சுகள் அழிக்கப்பட்ட மண் பட்டால் எழுவதில்லை என்று கண்டு 1902இல் வெளியிட்டார். குற்றவாளி சேறன்று, சேற்றில் இருந்த புழு என்பது தெளிவாயிற்று. அக்காலத்திலேயே இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கத் தொழிலாளரிடம் இதே தோல் தடிப்பையும் இதே சோகையையும் ஹால்டேன் ஆராய்ந்தார். பூவர்த்தோ றிக்கோவின் கோப்பித் தோட்டங்களில் உழைப்பவர்கள் இப்புண்ணை ‘மசமோரா’ என்றனர். அவர்களது சோகைக்குக் கொக்கிப்புழுவே காரணம் என்பதை 1899இல் ஆஷ்ஃபோர்ட் கண்டறிந்தார்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அறிவியல் வந்து சேருமுன்னரே உழைப்பாளிகள் ஒவ்வொரு நாட்டிலும் இப்புண்ணுக்குத் தனிப்பெயர் இட்டிருந்தனர். எந்தப் பருவத்தில் வரும், எந்த மண்ணில் வரும் என்று அறிந்திருந்தனர். அவர்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். கேட்பார் இல்லை. மேலும், நம் மொழியில் சேற்றுப்புண் என்ற ஒரே சொல், விரலிடுக்கை ஊறவைத்து வெளுப்பாக்கும் பூஞ்சை நோயையும் குறிக்கிறது. புழு நுழைந்த தடிப்பையும் குறிக்கிறது. முன்னதற்குப் போதுமான களிம்பு பின்னதற்குப் போதாது. பெயர் ஒன்றாகிவிட்டால் பிழையும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

இலங்கையில் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. மலம் பரிசோதிக்கப்பட்டது, தைமோலும் கெனோப்போடியம் எண்ணெயும் கொடுக்கப்பட்டன. அவை நஞ்சுத்தன்மையும் உடைய கடுமையான மருந்துகள். புழு வெளியேறியது. ஆனால் மருந்து குடித்தவர் திரும்பிச் சென்றது எங்கே? அதே லயத்துக்கு, மலசலகூடம் இல்லாததாலோ போதாததாலோ மக்கள் ஒதுங்க நேர்ந்த அதே தேயிலைச் செடிகளுக்கிடையே, அதே வெறுங்காலுடன். புழு மீண்டும் ஏறியது. மருந்து மலிவு, மலசலகூடம் செலவு. ஆதலால் மருந்து விரைந்து வந்தது. மலசலகூடம் பின்தங்கி நடந்தது. பழி மட்டும் தொழிலாளியின் ‘பழக்கவழக்க’த்தின் மேல் விழுந்தது.

“இந்நோயைத் தொழிலாளர் இந்தியாவிலிருந்தன்றோ கொண்டு வந்தனர்?” என்று கேட்கப்படலாம். புழுவோடு வந்தோர் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இராமநாதபுரத்துக் கரிசலின் வறட்சியில் காய்ந்து மடியும் குஞ்சுக்கு, மலைச்சரிவின் ஈரமண்ணும் செடியின் நிழலும் தொட்டிலாயின. நுவரெலியா உச்சியின் குளிரில் அது எளிதில் வளராது. அட்டனிலிருந்து கீழே இறங்க இறங்க, வெப்பம் ஏறஏற, அதற்கு வாழ்வு. வித்து எங்கிருந்து வந்தாலும் விளைநிலம் தோட்டம். நெருக்கியடித்த லயமும், மலசலகூடக் குறையும், காலணியற்ற உழைப்பும் தொழிலாளி கடலுக்கு அப்பாலிருந்து சுமந்து வந்தவை அல்ல.

பின்னர் காலம் மாறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளில் ஒரு பகுதி அரசின் பொறுப்புக்கு வந்துள்ளது. கொக்கிப்புழுவுக்கு இன்று அல்பெண்டசோல் என்ற ஒற்றை மாத்திரை உண்டு. ஆயினும் பழைய பிழை புதிய சட்டை அணிந்து வரக்கூடும். களைகொல்லி தெளிப்பவரின் கையிலும் கழுத்திலும் எதிர்பாராத் தடிப்பு எழுகிறது. ‘அலர்ஜி’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால், காரணம் மறுபடியும் தொழிலாளியின் உடம்புக்குள்ளேயே தேடப்படுகிறது. எதனால் அலர்ஜி? எந்தக் கலவை பட்டது? கையுறை கொடுக்கப்பட்டதா? உடன் தெளித்தவருக்கும் வந்ததா? இவற்றைக் கேளாத நிர்ணயம் அரை நிர்ணயமே.

வைத்தியரை நம்பாதீர் என்று நாம் சொல்ல வரவில்லை. லூசும் பென்ட்லியும் முன்னிருந்தோரின் நிர்ணயத்தை ஐயுற்றதால்தான் கோடிக்கணக்கானோர் நோயின் வேர் தெரிந்தது. வைத்தியருக்குரிய அந்த ஐயம் நோயாளிக்கும் உரியது. “எங்கிருந்து வந்தது? மறுபடி வராதிருக்க எது மாற வேண்டும்?” என்ற இரண்டு கேள்விகளையும் கொழுந்து பறிக்கும் பெண் தலைநிமிர்ந்து கேட்கவும், கேட்டதற்காக அவளுடைய அன்றைய பேர் வெட்டப்படாதிருக்கவும் வேண்டும். அது வரை மலையகத்துக்கு வைத்தியம் முழுமையாக வந்து சேர்ந்ததென்று நாம் சொல்லமாட்டோம்.