பழங்குழிகளும் பொன் தேட்டமும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூரைக் கடந்தால் பொன்னேரி வரும். அங்கிருந்து கடலை நோக்கிச் செல்லும் சாலை, பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் ஊர்களில் சென்று முடிகின்றது. பொன்னேரி என்னும் பெயரைக் கேட்ட மாணவர் சிலர், இந்நிலத்தில் முன்னொரு காலத்தில் பொன் கிடைத்ததோ என நம்மை வினவியதுண்டு. இவ்வினாவிற்கு விடை கூறப் புகுந்தபோது, பொன்னும் செம்பும் தேடிய முயற்சிகளின் வரலாற்றை நாம் எவ்வாறு கற்க வேண்டும் என்னும் பெரிய வினா எழுந்தது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொன் என்னும் சொல் தமிழில் தங்கத்தை மட்டும் குறித்ததன்று. பொதுவாக உலோகம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. இரும்பைக் கரும்பொன் என்றும், வெள்ளியை வெண்பொன் என்றும் வழங்கிய வழக்கு இதனைக் காட்டும். செழிப்பும் சிறப்பும் குறித்து ஊருக்கும் ஆற்றுக்கும் ஏரிக்கும் பொன் என்னும் அடை சேர்த்தலும் இயல்பே. மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு ஆகியவை அமைந்த நிலமோ, ஆரணியாறும் கொசத்தலையாறும் கொணர்ந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் படிந்தது. பொற்கனிமம் ஓடும் வெள்ளைக்கல் நரம்புகள் மிகப் பழைய வன்பாறைகளுக்குரியவை. ஆகவே ஊர்ப்பெயர் ஒன்றனையே சான்றாகக் கொண்டு இங்கே பொற்சுரங்கம் இருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. சொல்லாராய்ச்சி நமக்கு வழிகாட்டும். ஆயின் நிலத்தின் சான்றின்றி அது தனித்து நில்லாது.

எனினும் பழவேற்காட்டிற்கு உலோக வரலாறு இல்லை என்று கருதுதலும் தவறே. டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு நெடுங்காலம் இவ்வூரே தலைமையிடம். 1690இல்தான் அத்தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. பழவேற்காட்டு நாணயச்சாலையில் பொன் வராகனும் செப்புக் காசும் அடிக்கப்பட்டன. நாகசாகியின் தேசிமா தீவில் 1641 முதல் நிலைகொண்ட டச்சு வணிகர், சப்பானியச் செம்பைக் கப்பலேற்றி ஆசியத் துறைகளுக்கு அனுப்பினர். அச்செம்பு சோழமண்டலக் கரைக்கும் வந்திறங்கியது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. ஏரியின் வடகரை சார்ந்த நெல்லூர்ச் சீமையின் உள்நாட்டுக் குன்றுகளிலும் செம்புக் கனிமம் உண்டு. காளத்தி, வெங்கடகிரி, நெல்லூர்ப் பகுதிகளின் செம்பைப் பற்றிப் பெஞ்சமின் ஹேயின் என்பார் எழுதியவை, இலண்டனில் 1814இல் வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெற்றன. அருகில் குன்றில் செம்பு இருக்கவும், கடல் கடந்து வந்த செம்பு துறையில் இறங்கியதென்றால், கனிமம் இருக்கும் இடமெல்லாம் சுரங்கத் தொழில் நடக்கும் என்னும் எண்ணம் நிலைபெறாது. கனிமம் தீர்ந்ததனால் மட்டுமன்றி, வெளியிலிருந்து வரும் உலோகம் மலிந்ததனாலும் ஒரு குழி கைவிடப்படலாம். இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

முன்னோர் அகழ்ந்து, பின் வேலை நின்று, தூர்ந்து கிடக்கும் சுரங்க வாய்களையும் பள்ளங்களையும் ஈண்டுப் பழங்குழிகள் என்று குறிக்கின்றோம். புதிய கனிமம் தேடுவோர்க்குப் பழங்குழியே முதல் வழிகாட்டி. இது ஐரோப்பியர் கண்ட முறையன்று. கௌடில்யரின் அருத்தசாத்திரம், சுரங்க அதிகாரியின் கடமைகளைக் கூறுமிடத்து, முன்னர் வேலை நடந்த சுரங்கத்தை உலோகக் கசடு, உருக்கும் குகை, கரி, சாம்பல் ஆகிய அடையாளங்களால் கண்டறிய வேண்டும் என விதிக்கின்றது. குழியை விட்டுச் சென்றவர் எழுத்தில் எதனையும் விட்டுச் செல்லவில்லை. கசடும் சாம்பலுமே அவர் விட்டுச் சென்ற ஆவணம்.

தமிழ்ச் சான்றுகள் இத்துறையில் எவ்வளவு உதவுகின்றன? பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பண்டங்களுள் வடமலையிலிருந்து வந்த பொன்னையும் எண்ணுகின்றது. யவனர் கலம் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீண்டதனை அகநானூறு கூறும். முசிறிக்குச் செம்பும் ஈயமும் வந்திறங்கியதனைப் பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல் குறிக்கின்றது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் இரீ என்பார் அகழ்ந்தெடுத்த பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் உலோகத் தொழிலின் திறத்தைக் காட்டுகின்றன. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளோ பொன்னைக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக நிறுத்துக் கூறுகின்றன. இவையனைத்தும் பொன்னின் வரவையும் அளவையும் கூறுவன. எந்தக் குழியிலிருந்து அப்பொன் வந்தது என்பதனைக் கூறுவன அல்ல. கோலார் அம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அதனைக் கொண்டு சோழர் பொன்னெல்லாம் கோலார்ப் பொன்னே எனத் துணிவார் உளர். அத்துணிவிற்குக் கல்வெட்டிலே சான்று இல்லை. இலக்கியமும் சாசனமும் நின்றுவிடும் இவ்விடத்தில்தான் பழங்குழியின் சான்று தொடங்குகின்றது.

மீஞ்சூர்ப் பக்கமாகக் கடலை நோக்கிச் செல்லும் கொசத்தலையாற்றின் மேற்பகுதியில் அத்திரம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1863இல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டவர் நிலவியலறிஞர் இராபர்ட் புரூசு ஃபூட். அவரே பின்னர்த் தார்வார்ப் பாறைத் தொகுதியைப் பிரித்தறிந்து பெயரிட்டவர். கோலாரும் ஹட்டியும் அத்தகைய பழம்பாறைகளில் அமைந்தவையே. இனி அவ்விரண்டையும் காண்போம்.

மைசூர் அரசின் கிழக்கெல்லையை அளந்துகொண்டிருந்த இராணுவ அதிகாரி சான் வாரன், 1802இல் கோலார்ப் பகுதியில் பொன் கிடைப்பதனைக் கேள்வியுற்றார். பொன் காட்டுவார்க்குப் பரிசு அறிவித்தார். ஊரிகம் முதலிய ஊர்களின் மக்கள் மண்ணை வண்டியிற் கொணர்ந்து அவர் கண்முன் அரித்துப் பொற்றுகளைக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஒடுக்கப்பட்ட குலத்தார் குழியில் இறங்கிக் கல்லைப் பெயர்த்துக் கூடைகளிற் கைமாற்றி மேலே அனுப்பினர். பெண்கள் அதனைப் பொடித்து அரித்தனர். இவற்றை வாரனே பதிவு செய்துள்ளார். எனவே 1802இல் அக்குழிகளுள் சில கைவிடப்பட்டவை அல்ல, வேலை நடந்துகொண்டிருந்தவை. விபத்துகள் நேர்ந்தமையால் 1859இல் நிலத்தடி அகழ்வு தடைசெய்யப்பட்டது என்பர். அங்ஙனமாயின், பின்வந்தோர் கைவிடப்பட்டவை எனக் கண்ட குழிகளுள் சில, ஆணையால் மூடப்பட்டவை ஆகும்.

வாரன் குறிப்பைப் படித்த மைக்கேல் லவெல், 1871இல் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டியில் கோலாருக்குச் சென்று நிலத்தை ஆராய்ந்தார். 1875இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் சான் டெய்லர் குழுமம் வந்தது. செலவு பெருகிப் பொன் கிடையாமையால், பங்காளர் மைசூர்ச் சுரங்கத்தை மூடிவிட எண்ணினர். அந்நிலையில் எஞ்சிய தொகையைக் கொண்டு இறுதியாக ஒரு முறை முயன்றபோது, பிளம்மர் என்னும் சுரங்க மேலாளர் பழங்குழிகளைத் தொடர்ந்து கீழே சென்றார். அக்குழிகளின் அடியிலே சாம்பியன் எனப் பெயர்பெற்ற பொன்நரம்பு கிடைத்தது. கோலாரின் பெருஞ்செல்வமெல்லாம் இதன்பின் வந்ததே. பெயரறியா மக்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம்.

இரெய்ச்சூர்ப் பகுதியின் ஹட்டியில் பழங்குழிகள் 640 அடி ஆழம்வரை சென்றிருந்தன. வெடிமருந்து அறியாத காலத்தில், பாறையில் தீமூட்டிச் சூடேற்றிப் பிளவுறச் செய்து பெயர்த்துள்ளனர். குழியிற் கிடைத்த பழமரம் கரிம ஆய்வில் ஏறத்தாழ 2000 ஆண்டு முதுமையுடையதெனத் தெரிந்தது. அவ்வட்டாரத்து மசுகியில், பொன் ஆராய்ச்சிக்குச் சென்ற சுரங்கப் பொறியாளர் பீடன் என்பார், 1915இல் அசோகரின் பாறைச் சாசனம் ஒன்றனைக் கண்டார். அதுவரை கிடைத்த சாசனங்களில் தேவானாம்பிரியன் என்னும் பட்டப்பெயரே இருந்தது. அசோகன் என்னும் இயற்பெயர் இதிலேதான் முதன்முதற் காணப்பட்டது. பொன் தேடியவர் வரலாற்றுக்குப் பொன்னினும் சிறந்ததொன்றை அளித்தார். மௌரியப் பேரரசின் தென்னகத் தலைநகராகிய சுவர்ணகிரி இப்பகுதியினதே என அறிஞர் பலர் கருதுவதற்கும் இப்பழங்குழிகள் துணைநிற்கின்றன.

இனி, வழிகாட்டி தவறாகப் படிக்கப்பட்ட கதையையும் கூறவேண்டும். இன்று நீலகிரி மாவட்டத்தில் அமைந்த தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் பழங்குடியினர் பொன் அரித்து வந்தமை 1831ஆம் ஆண்டளவிலேயே அரசினர்க்குத் தெரிந்திருந்தது. அங்கும் பழங்குழிகள் பல. ஆத்திரேலியாவிலிருந்து அழைக்கப்பட்ட பிரௌ சுமித் அவற்றை ஆராய்ந்து 1880இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். உடனே இலண்டனில் 30க்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. 40 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட முதல் திரண்டது. காட்டை வெட்டி, எந்திரங்களை மலையேற்றினர். சில ஆண்டுகளிலேயே அனைத்தும் சரிந்தன. வந்த பொன் செலவை ஈடுசெய்யவில்லை.

கோலாரில் கைகொடுத்த சான்று தேவாலாவில் கைவிட்டது ஏன்? நிலத்தின் மேற்பகுதியில் காற்றும் நீரும் பாறையைச் சிதைத்து, கந்தகக் கனிமத்துள் சிக்கிய பொன்னை விடுவிக்கின்றன. இடித்து அரித்தால் அது எளிதிற் கிடைக்கும். கீழே செல்லச் செல்லப் பொன் கந்தகக் கனிமத்துள் அடங்கிவிடும். வெறும் அரிப்பால் அதனைப் பெறுதல் அரிது. முன்னோர் ஒரு குழியை நிறுத்தியமைக்கு ஊற்றுநீர் மிகுதி காரணமாகலாம். எளிய பொன் தீர்ந்தமை காரணமாகலாம். அரசாணை, போர், மலிந்த உலோக வரவு ஆகியவையும் காரணமாகலாம். நீரால் நின்ற குழியின் கீழே பொன் இருத்தல் கூடும். வளம் தீர்ந்து நின்ற குழியின் கீழே எஞ்சுவது குறைவே. இலண்டன் பங்காளர், முன்னோர் இங்கே அகழ்ந்தனர் என்னும் பாதியை மட்டும் படித்தனர். ஏன் நிறுத்தினர் என்னும் மறுபாதியைப் படிக்கவில்லை. அப்பழங்குடியினரின் அறிவை ஆராயாமல் அவர்தம் குழியை மட்டும் நம்பியமையே பிழை.

இதனால் பெறப்படுவது யாது? வாரன், லவெல், பிளம்மர் ஆகியோர் பெயர்களால் எழுதப்படும் கண்டுபிடிப்பு வரலாறு, உண்மையில் மறுகண்டுபிடிப்பின் வரலாறே. முதற்கண்டோர் பெயர் ஏட்டில் இல்லை என்பதனால் அவர்தம் அறிவும் இல்லையெனக் கொள்ளலாகாது. பழங்குழி ஒன்றனைக் காணுந்தோறும், யார் அகழ்ந்தார், எவ்வளவு ஆழம் சென்றார், ஏன் நிறுத்தினார் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்கள் பழமைக்கு மட்டும் உரியன அல்ல. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற கோலார்த் தங்கவயல், 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. நம் காலத்திலேயே அதுவும் ஒரு பழங்குழி ஆகிவிட்டது. அதன் கழிவுமேடுகளில் எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் முயற்சிக்குக் கர்நாடக அரசு 2024இல் இசைவு அளித்தது. மண்ணில் எஞ்சிய பொன்னைக் கணக்கிட அறிஞர் உளர். வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாகப் பாறை பிளந்த தமிழ்த் தொழிலாளரிடம் எஞ்சிய சொற்களையும் நினைவுகளையும் கணக்கிடுவார் யார்? சுரங்கத்தினுள் இறங்கி வேலை செய்த கடைசித் தலைமுறை முதுமை எய்திவிட்டது. பாறையின் வகைக்கும், கருவிக்கும், ஆபத்தின் குறிக்கும் அவர் வழங்கிய சொற்கள் தொகுக்கப்படாவிடின், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஹட்டிக் குழியினர்க்கு நேர்ந்ததே இவர்க்கும் நேரும். கசடும் சாம்பலும் எஞ்சும், சொல் எஞ்சாது. முதுகலை மாணவர் இப்பணியைத் தம் ஆய்வுப் பொருளாக ஏற்றல் காலத்தின் தேவை.

பழவேற்காட்டு ஏரியில் எப்பருவத்தில் எத்துறையில் மீன் நிற்கும் என்பதனை அக்கரை மீனவர் எழுதாக் கல்வியாக வழிவழி காத்து வருகின்றனர். அவரிடம் கேட்டறியாமல் ஏரியின் வரலாற்றை எழுதத் துணியோம். நிலத்தின் அடியில் உழைத்தவர் திறத்திலும் அவ்வளவு பணிவேனும் நமக்கு வேண்டும். பொன்னேரியில் பொற்சுரங்கம் இருந்ததோ என வினவிய மாணவர்க்கு நாம் கூறக்கூடிய முழுவிடை இதுவே: பெயரிற் பொன் உண்டு, மண்ணில் இல்லை, பொன் எங்கே உண்டு என்பதனை முதலில் அறிந்தவர், அதனை அகழ்ந்த பெயரறியா மக்களே.