ஊரடங்குக் காலத்தில் வீடு தேடி வந்த கல்வி (தமிழ்நாடு, 2020–2022)

கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், தமிழ்நாட்டுக் குழந்தைகளின் படிப்பும் சாப்பாடும் மனநலமும் குலையாமல் இருக்க அரசும் ஆசிரியர்களும் ஊர்மக்களும் வீட்டளவில் செய்த ஏற்பாடுகள் இங்கே தொகுக்கப்படுகின்றன. கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள், சத்துணவுக்கு மாற்றாகக் கொடுத்த உலர் பொருட்கள், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. திரை வழியாக வந்த பாடத்தைவிட, அதே தெருவில் குடியிருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததுதான் சிறு பிள்ளைகளிடம் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது.

பள்ளிகள் மூடிய காலம்

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. மார்ச் 27-இல் தொடங்கவேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூன் 1-க்கும் பிறகு ஜூன் 15-க்கும் தள்ளிப்போய், கடைசியில் ஜூன் 9 அன்று ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொடுத்து எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். 'ஆல் பாஸ்' என்ற சொல் அன்றுமுதல் வீட்டுப் பேச்சில் நிலைத்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கும் இதே கதி.

பெரிய வகுப்புகள் இடையிடையே திறந்தன. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19-இலும், ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகள் பிப்ரவரி 8-இலும் தொடங்கின. இரண்டாம் அலை வந்ததும் மீண்டும் மூடப்பட்டு, செப்டம்பர் 1 அன்றுதான் மறுபடி நடக்கத் தொடங்கின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அந்த இடைக்கால வாய்ப்புகூட இல்லை. 2021 நவம்பர் 1 வரை, பத்தொன்பது மாதங்களுக்கும் மேல், அவை திறக்கவே இல்லை. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது அது இரண்டாம் வகுப்பில் இருந்தது. பென்சில் பிடிக்கவேண்டிய வயது வீட்டிலேயே கழிந்துவிட்டது. பொதுத்தேர்வைப் பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் குழந்தைகளைப் பற்றி நடக்கவில்லை.

திரைவழிப் பாடம்

கல்வித் தொலைக்காட்சி பெருந்தொற்றுக்காகத் தொடங்கியதன்று. 2019 ஆகஸ்டு 26 அன்றே தொடங்கப்பட்டு, சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து இயங்கிவந்தது. 2020 ஜூலையில் வகுப்புவாரியாக அட்டவணை போட்டு அதில் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பள்ளிக்கு வரச்சொல்லி, விலையில்லா மடிக்கணினியில் காணொலிப் பாடங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். புதிய பாடநூல்களில் ஏற்கெனவே கியூஆர் குறியீடு அச்சிட்டிருந்ததால், போன் உள்ள வீட்டில் அதை ஸ்கேன் செய்தும் பார்க்க முடிந்தது. கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கிடைத்தது.

தொலைக்காட்சிக்கு ஒரு பெரிய வசதி இருந்தது: அரசு முன்பு நடத்திய இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தின் புண்ணியத்தில் அது ஏழை வீடுகளிலும் இருந்தது. குறையும் வெளிப்படையானது. அது கேள்வி கேட்காது. பிள்ளை எழுந்து வெளியே போனாலும் பாடம் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

செல்போன் வேறு வகைச் சிக்கல். காலை பத்து மணிக்கு ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பயிற்சித்தாள் போடுவார். போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இரவு எட்டு மணிக்கு அது வீடு திரும்பும்போது மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள், அன்றைய டேட்டா தீரும் நிலையில் இருக்கும். ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்விநிலை அறிக்கை 2021-இல் இந்திய ஊரகப் பகுதிகளில் எடுத்த கணக்குப்படி, பள்ளியில் சேர்ந்த குழந்தைகளில் 67.6 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2018-இல் இது 36.5 விழுக்காடுதான். ஆனால் போன் உள்ள வீட்டுக் குழந்தைகளிலேயே நான்கில் ஒருவருக்கு மேல் அது கைக்கே கிடைக்கவில்லை. வீட்டில் போன் இருக்கிறதா என்பதோடு, அது யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் பைக்கில் கிராமம் கிராமமாகப் போய், மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் நாலைந்து பிள்ளைகளை இடைவெளிவிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். யாரும் உத்தரவிட்டுச் செய்ததன்று. பின்னால் வந்த பெருந்திட்டத்தின் வடிவம் இங்கேயே தென்படுகிறது.

சாப்பாடும் நலமும்

பள்ளி மூடினால் தமிழ்நாட்டில் பாடத்தோடு மதியச் சாப்பாடும் நின்றுபோகும். சத்துணவு உண்டுவந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, முட்டை ஆகியவற்றைப் பள்ளி வழியாகக் கொடுத்தார்கள். அங்கன்வாடி ஊழியர்கள் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்துமாவுப் பொட்டலங்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உலர் பொருளாக வீட்டுக்கு வந்த அரிசி குடும்பம் முழுவதற்கும் பொதுவாகிவிடும். பள்ளித் தட்டில் விழும் முட்டை அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியது. ஊட்டச்சத்தைப் பொறுத்தவரை இது சின்ன வேறுபாடன்று.

வீட்டுச் சூழல் எளிதாக இல்லை. கூலி நின்ற வீட்டில் பெரியவர்களின் கவலை முதலில் இறங்கியது பிள்ளைகள் மேல்தான். ஒற்றை அறை வீடுகளில் சண்டையிலிருந்து விலகிப்போக இடமில்லை. ஆண் பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் சிலருக்குக் கல்யாணப் பேச்சு முன்னதாகவே தொடங்கியது. குழந்தைகளுக்கான 1098, மருத்துவ ஆலோசனைக்கான 104, பள்ளிக் கல்வித்துறையின் 14417 ஆகிய உதவி எண்கள் இருந்தன. ஆனால் அழைப்பதற்கும் அந்த ஒரே போன்தான். அதைப் பெரியவர்களுக்குத் தெரியாமல் எடுப்பது பல பிள்ளைகளால் ஆகாத காரியம்.

நல்லதும் நடந்தது. பரணில் கிடந்த பல்லாங்குழியும் தாயக்கட்டையும் கீழே இறங்கின. சோழி எண்ணுவதும் கட்டம் தாண்டுவதும் சிறு பிள்ளைகளுக்கு நேரடியான எண் பயிற்சி. தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் கதை கேட்பது கூடியது. இதையெல்லாம் பாடத்திட்டத்தோடு இணைக்கலாம் என்ற எண்ணம் கல்வித்துறைக்கு வந்தது சற்றுத் தாமதமாகத்தான்.

இரண்டாம் அலையின்போது, 2021 மே, ஜூன் மாதங்களில், அரிசி அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணைகளாகவும் 14 மளிகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பும் வழங்கினார்கள். பெற்றோர் இருவரையும் தொற்றில் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டு, 18 வயதானதும் வட்டியோடு கொடுப்பது என்று அரசு அறிவித்தது. பெற்றோரில் ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் உதவி.

இல்லம் தேடிக் கல்வி

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒதுக்கீடு 200 கோடி ரூபாய். முதலில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் முன்னோட்டமாக நடத்தி, பிறகு மாநிலம் முழுவதும் விரித்தார்கள். இந்திய ஆட்சிப்பணி அதிகாரி க. இளம்பகவத் சிறப்பு அலுவலராக இருந்தார்.

ஏற்பாடு எளிமையானது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஒரு தன்னார்வலர். மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ வகுப்பு. தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். உயர் தொடக்க வகுப்புகளுக்குப் பட்டம் வேண்டும். வகுப்பு நடக்கும் இடம் வீட்டுத் திண்ணையாகவோ சமுதாயக் கூடமாகவோ அங்கன்வாடியாகவோ இருந்தது. பிள்ளை தானாக நடந்து வந்து தானாகத் திரும்பிப்போகும் தூரம் என்பதே அதன் பலம். தன்னார்வலர் எண்ணிக்கை சுமார் 2 லட்சத்தைத் தொட்டது.

தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். பட்டமும் சிலசமயம் பி.எட்.டும் முடித்துவிட்டு, திருமணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். பிள்ளைகளுக்கு அவர்கள் 'அக்கா'. பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை வழியாகவே கற்பிக்கவேண்டும், இன்னொரு பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். போக்குவரத்துக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் சுண்ணக்கட்டிக்கும் போக அதில் என்ன மிஞ்சும்? படித்த பெண்களின் உழைப்பைத் தொண்டு என்ற பெயரில் மலிவாக வாங்கியது என்ற குற்றச்சாட்டுக்கு நியாயம் உண்டு. வீட்டைவிட்டு வெளியே வந்து ஊரில் ஒரு மதிப்பான இடம் கிடைத்தது என்று தன்னார்வலர்கள் பலர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது.

திட்டத்தைத் தொடங்குமுன் கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பறையடித்து, பாட்டும் நாடகமும் நடத்திப் பெற்றோரைக் கூட்டின. இந்த முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் இப்படித்தான் நடந்தது. அந்த இயக்கத்தின்போது புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்களின் பேரப்பிள்ளைகள் இந்தத் திண்ணை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

எதிர்ப்பும் வந்தது. பள்ளிக் கல்வியில் தன்னார்வலர்களை நுழைப்பது தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் சாயல் என்றும், சில அமைப்புகளைச் சார்ந்தவர்கள் கருத்தியல் நோக்கத்தோடு உள்ளே வரலாம் என்றும் திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி உள்ளிட்டோர் எச்சரித்தார்கள். கல்விக் கொள்கையோடு தொடர்பு உண்டு என்பதை அரசு மறுத்தது. நிரந்தர ஆசிரியர் பணியிடங்களுக்கு இது மாற்றாகிவிடுமோ என்ற கவலை ஆசிரியர்களிடம் இருந்தது.

பலன் எவ்வளவு

பெரிய அரசுத் திட்டங்களில் உண்மையான அளவீடு கிடைப்பது அரிது. இங்கே கிடைத்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருந்தொற்றுக்கு முன்பே அதே ஊர்களில் சோதனை நடத்தியிருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது. 2021 டிசம்பரில் குழந்தைகள் கணக்கில் பின்தங்கிய அளவு, மொழியில் பின்தங்கியதைப்போல இருமடங்கு. வீட்டில் தமிழ் நாள்முழுக்கக் காதில் விழும், கடன்வாங்கிக் கழித்தலைச் சொல்லித்தர ஆள் வேண்டும். காரணம் அதுவாக இருக்கலாம். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். ஏழைப் பிள்ளைகளே கூடுதலாக இழந்தவர்கள், இத்திட்டத்தால் கூடுதலாகப் பயன்பெற்றவர்களும் அவர்களே.

இதை வைத்து எல்லாம் சரியாயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. 2022 ஏசர் அறிக்கையில் தமிழ்நாட்டு ஊரக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காட்டினர்தான். 2018-இல் அது 10.2. கொரோனாவுக்கு முன்பே நிலைமை நன்றாக இல்லை என்பதையும் அந்தப் பழைய எண் காட்டிக்கொடுக்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு மாற்றமும் பதிவானது: அரசுப் பள்ளிகளில் படிப்போர் பங்கு 2018-இல் இருந்த 67.4-இலிருந்து 2022-இல் 75.7 விழுக்காடாக உயர்ந்தது. தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வந்தவர்கள் இதில் கணிசமானோர்.

பின்தொடர்ச்சி

எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற இலக்கோடு, எண்ணும் எழுத்தும் இயக்கம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு பிரிக்காமல் அவர்களின் நிலையைக் கொண்டு குழுக்களாகப் பிரித்தது அதன் முக்கியக் கூறு. திண்ணை வகுப்புகளில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்ததால் அங்கே இது ஏற்கெனவே பழகிப்போன முறை. ஆறு மாதத்துக்கென்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் பள்ளிகள் வழக்கம்போல் இயங்கத் தொடங்கிய பிறகு நீட்டிக்கப்பட்டது. ஆண்டு செல்லச்செல்ல மையங்களின் எண்ணிக்கையும் தன்னார்வலர்களின் எண்ணிக்கையும் குறைந்தன.